சளியில் ஒளிந்திருக்கும் கிருமி

இருமல் யாருக்கும் வரும். சில நாளில் போய்விடும். ஆனால் இரண்டு வாரமாகியும் இருமல் நிற்கவில்லையா? மாலையில் காய்ச்சல் வருகிறதா? பசி இல்லையா? உடம்பு இளைக்கிறதா? அது காசநோயாக இருக்கலாம். இதைத்தான் டி.பி. என்கிறோம்.

காசநோய் பாவத்தால் வருவதில்லை. பரம்பரையாகவும் வருவதில்லை. ஒரு கிருமியால் வருகிறது. இந்தக் கிருமியைக் கண்டுபிடித்ததை 1882 மார்ச் 24 அன்று ஜெர்மனி நாட்டு டாக்டர் ராபர்ட் கோக் அறிவித்தார்.

இது எப்படிப் பரவுகிறது?

நுரையீரலில் காசநோய் உள்ளவர் இருமும்போது கிருமி காற்றில் கலக்கிறது. அடைத்த அறையில் நெடுநேரம் மிதக்கிறது. பக்கத்தில் இருப்பவர் அதைச் சுவாசிக்கிறார். தட்டு, துணி, கைகுலுக்கல் இவற்றால் பரவாது.

மும்பையில் செம்பூரை அடுத்து கோவண்டி, மான்கூர்ட் பகுதிகள் உள்ளன. குடிசை மக்களுக்காகக் கட்டிய மாடி வீடுகள் அங்கே நெருங்கி நிற்கின்றன. கீழ்த்தளங்களில் வெயிலும் காற்றும் குறைவு. இத்தகைய வீடுகளில் காசநோய் அதிகம் என்று 2018-இல் வெளிவந்த ஓர் ஆய்வு கூறியது. ஆகவே சன்னலைத் திறந்து வையுங்கள்.

கிருமி புகுந்த எல்லாருக்கும் நோய் வராது. பத்துப் பேரில் ஒருவருக்கு வரலாம். சத்துக் குறைவு, சர்க்கரை நோய், எச்.ஐ.வி., புகைப் பழக்கம் உள்ளவர்களுக்கு ஆபத்து அதிகம்.

எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

இருமலைக் கேட்டு மட்டும் முடிவு சொல்ல முடியாது. சளியைச் சோதிக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் ஒரு டப்பா தருவார்கள். வாயில் ஊறும் எச்சில் போதாது. ஆழமாக மூச்சிழுத்து, இருமி, நெஞ்சுச் சளியைத் துப்ப வேண்டும்.

அந்தச் சளியைக் கண்ணாடித் துண்டில் தடவுவார்கள். சிவப்புச் சாயம் ஊற்றிச் சூடாக்குவார்கள். பிறகு அமிலத்தால் கழுவுவார்கள். மற்றவற்றின் சாயம் போய்விடும். காசநோய்க் கிருமியின் மேல் மெழுகு போன்ற உறை உண்டு. அதனால் அதன் சாயம் மட்டும் போகாது. அடுத்து நீலச் சாயம் இடுவார்கள். நுண்ணோக்கியில் பார்த்தால் நீலத்தின் நடுவே சிவப்புக் குச்சிகள் தெரியும். அவைதான் கிருமிகள்.

கிருமி குறைவாக இருந்தால் இதில் தெரியாமல் போகலாம். அதற்கு வேறொரு கருவி இருக்கிறது. அது சுமார் 2 மணி நேரத்தில் கிருமியைக் காட்டும். முக்கியமான ஒரு மருந்துக்குக் கிருமி கட்டுப்படுமா என்பதையும் சொல்லும்.

நோய் என்று தெரிந்தால்?

பயம் வேண்டாம். அரசு ஆஸ்பத்திரியில் சோதனையும் மருந்தும் இலவசம். சாதாரண காசநோய்க்கு 6 மாதம் மருந்து சாப்பிட வேண்டும். இரண்டு மாதத்தில் இருமல் நின்றுவிடலாம். ஆனால் கிருமி உள்ளே இருக்கும். மருந்தைப் பாதியில் விட்டால், மருந்துக்கு அடங்காத கிருமி வளரும். அதைக் குணப்படுத்துவது கடினம்.

நோயாளியை ஒதுக்காதீர்கள். 1956-இல் சென்னையில் தொடங்கிய ஆய்வு ஒன்றில், வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டவர்களும் ஆஸ்பத்திரியில் தங்கியவர்களைப் போலவே குணமானார்கள். வீட்டில் இருந்தவர்களுக்கும் அதனால் ஆபத்து கூடவில்லை.

உங்கள் வீட்டில், பக்கத்து வீட்டில் யாராவது இரண்டு வாரமாக இருமுகிறார்களா? நாளைக்கே சளிப் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள்.