கணினிப் பாட்டைப் பெரிய ஸ்பீக்கருக்குக் கொண்டுபோவது எப்படி?

மடிக்கணினியின் ஸ்பீக்கரில் பாட்டுக் கேட்டால் குரல் தெளிவாக வரும். தபேலாவின் அடித்தொனி மட்டும் காணாமல் போயிருக்கும். தாழ்ந்த சுரங்களுக்கு நிறையக் காற்றை அசைக்க வேண்டும். விரலகல ஸ்பீக்கருக்கு அந்தத் தெம்பு கிடையாது. அதே வீட்டில் கேசட் காலத்து ஸ்டீரியோ ஒன்று தூசி படிந்து நிற்கலாம். கேசட்டுக்கு வேலை போய்விட்டாலும் அதன் ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கர்களும் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். கணினியை அதோடு இணைக்க ஒரே ஒரு கேபிள் போதும். அதை எந்தத் துளையில் செருகுகிறோம் என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது.

கணினியின் பக்கம் இருப்பது 3.5 மி.மீ. ஜாக். மேசைக் கணினியின் பின்புறம் பல நிறங்களில் துளைகள் இருந்தால் இளம்பச்சையைத் தேர்ந்தெடுங்கள். ஒலி வெளியே வரும் வழி அதுதான்; இளஞ்சிவப்பு மைக்குக்கு, வெளிர்நீலம் ஒலியை உள்ளே வாங்குவதற்கு. மடிக்கணினியில் ஹெட்ஃபோன் துளையே போதும். செருகும் பின்னைக் கூர்ந்து பார்த்தால் இரண்டு கறுப்பு வளையங்கள் அதை மூன்றாகப் பிரிப்பது தெரியும். நுனி இடது சேனலுக்கு, நடுப்பகுதி வலதுக்கு, அடிப்பகுதி இரண்டுக்கும் பொதுவான தரைக்கு. கேபிளின் மறுமுனையில் சிவப்பும் வெள்ளையுமாக இரண்டு ஆர்சிஏ பின்கள் இருக்கும். சிவப்பு வலது, வெள்ளை இடது. அமெரிக்காவின் ஆர்சிஏ நிறுவனம் 1930களில் ரேடியோப் பெட்டிகளுக்காகக் கொண்டுவந்த பின் இன்றும் ஆம்ப்ளிஃபயர்களின் முதுகில் நிலைத்திருக்கிறது.

அந்த முதுகில் ஆக்ஸ், சிடி, டேப், டியூனர், ஃபோனோ என்று வரிசையாகத் துளைகள் இருக்கும். முதல் நான்கில் எதில் செருகினாலும் பாட்டு வரும். டேப் என்றால் உள்ளே வாங்கும் ஜோடியா, பதிவுக்கு வெளியே அனுப்பும் ஜோடியா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஃபோனோ பக்கம் போகவே வேண்டாம். இசைத்தட்டின் ஊசி தருவது சுமார் 5 மில்லிவோல்ட்தான். அதனால் ஃபோனோ சுற்று வரும் மின்னழுத்தத்தை ஏறக்குறைய 100 மடங்கு பெருக்கும். தட்டில் வேண்டுமென்றே குறைத்துப் பதிந்த தாழ்தொனிகளைத் தூக்கியும் விடும். கணினியோ 1 வோல்ட்டை ஒட்டிய சமிக்ஞையை அனுப்பக்கூடியது. அதை ஃபோனோவில் கொடுத்தால் கரகரப்பும் முழக்கமும்தான் மிஞ்சும். ஸ்பீக்கர் வயர் மாட்டும் முனைகளையும் கணினியோடு சேர்க்கக் கூடாது. 8 ஓம் ஸ்பீக்கருக்கு 50 வாட் தரும் ஆம்ப்ளிஃபயர் அங்கே 20 வோல்ட்டைத் தள்ளும். கணினியின் ஒலிச்சுற்று அதைத் தாங்காது.

இணைத்ததும் பலருக்கு வரும் தலைவலி, பாட்டுக்கு அடியில் ஓயாமல் கேட்கும் ‘ம்ம்’ என்ற உறுமல். நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 முறை முன்னும் பின்னுமாக ஊசலாடுகிறது. அந்தத் துடிப்புதான் ஸ்பீக்கரில் ஒலிக்கிறது. கணினி தன் மூன்று பின் பிளக் வழியாக எர்த்தைத் தொடுகிறது. ஆம்ப்ளிஃபயரும் தன் பிளக் வழியாகவோ, செட்டாப் பாக்ஸில் இணைந்த கேபிள் டிவி வயர் வழியாகவோ எர்த்தைத் தொட்டுக்கொண்டிருக்கலாம். ஆடியோ கேபிளின் தரைக் கம்பி இரண்டையும் சேர்த்ததும் முழு வட்டம் உருவாகி, அதில் சிறு மின்னோட்டம் ஓடுகிறது. ஆம்ப்ளிஃபயர் அதையும் பாட்டென்று எண்ணிப் பெருக்குகிறது. மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். உறுமல் நின்றால் காரணம் இதுவே.

இரண்டு கருவிகளையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகினால் பல வீடுகளில் சத்தம் அடங்கிவிடும். அடங்காவிட்டால், கிரவுண்ட் லூப் ஐசோலேட்டர் என்ற சின்னப் பெட்டியைக் கேபிளின் நடுவில் மாட்டலாம். அதற்குள் இருக்கும் இரண்டு குட்டி டிரான்ஸ்ஃபார்மர்கள், கம்பித் தொடர்பைத் துண்டித்துக் காந்தப்புலத்தின் வழியே ஒலியை மட்டும் கடத்துகின்றன. கணினியிலும் ஆம்ப்ளிஃபயரிலும் ஆப்டிகல் துளை இருந்தால் இன்னும் நல்லது. தோஷிபா 1983இல் அறிமுகம் செய்த இந்த முறையில் ஒலி, வெளிச்சமாகப் பயணிக்கிறது. எர்த் வட்டத்துக்கு இடமே இல்லை. பிளக்கின் எர்த் பின்னை உடைத்தாலும் உறுமல் நிற்கலாம். ஆனால் அந்தப் பின் உயிர் காப்பதற்காக வைத்தது. அதில் கை வைக்காதீர்கள்.

மவுஸை நகர்த்தும்போதெல்லாம் கீச்சிடும் சத்தம் கேட்டால் அது வேறு நோய். கணினிக்குள் ஓடும் மின்துடிப்புகள் ஒலிச்சுற்றில் கசிகின்றன. யுஎஸ்பியில் மாட்டும் டாக் என்ற கருவி, எண்களை மின்னழுத்தமாக மாற்றும் வேலையைப் பெட்டிக்கு வெளியே கொண்டுவந்து பெரும்பாலும் இதைத் தீர்க்கும். யுஎஸ்பி வயரிலும் தரைக் கம்பி இருப்பதால் உறுமலுக்கு மட்டும் அது மருந்தாகாது.

கடைசியாக வால்யூம். கணினியில் ஒலியைக் குறைத்து ஆம்ப்ளிஃபயரில் கூட்டினால், வழியில் சேர்ந்த இரைச்சலும் கூடவே பெருகும். கணினியில் முழு அளவை ஒட்டி வையுங்கள். குரல் பிசிறினால் சற்றே இறக்குங்கள். அன்றாடம் கூட்டுவதும் குறைப்பதும் ஆம்ப்ளிஃபயரின் குமிழில் நடக்கட்டும். கேபிளைச் செருகும் முன் அந்தக் குமிழ் பூஜ்யத்தில் இருக்க வேண்டும். போடும்போது கணினியை முதலிலும் ஆம்ப்ளிஃபயரைப் பிறகும் போடுங்கள். அணைக்கும்போது ஆம்ப்ளிஃபயர் முந்தட்டும். கணினி விழிக்கும்போதும் உறங்கும்போதும் எழும் ‘டப்’ என்ற அதிர்ச்சி அப்போது ஸ்பீக்கரைத் தாக்காது.