ஒரு சுள்ளிதானே என்று ஒடிக்கிறார்கள்!

ஸ்காட்லாந்தின் பெர்த்ஷயரில், கிளென் லயன் பள்ளத்தாக்கின் வாசலில் இருக்கிறது ஃபோர்ட்டிங்கால். ஒரு தேவாலயம், ஒரு விடுதி, கூரை வேய்ந்த சில வீடுகள், ஊர் அவ்வளவுதான். ஆனால், தேவாலய வளாகத்தில் நிற்கும் யூ மரத்துக்கு வயது 2,000 முதல் 3,000 வரை இருக்கலாம் என்கிறார்கள். 5,000 என்பவர்களும் உண்டு.

ஊரையொட்டிய வயலில் ஆதி மனிதர்கள் நட்ட கற்கள் நிற்கின்றன. இன்னொரு வயலில் ஒரு மேடு. 14-ஆம் நூற்றாண்டின் கொள்ளைநோயில் மாண்டவர்களை ஒரு மூதாட்டி வெள்ளைக் குதிரை பூட்டிய சறுக்குவண்டியில் ஏற்றிவந்து இங்கே புதைத்தாராம். இத்தனைக்கும் நடுவே உயிரோடு நிற்கும் சாட்சி அந்த யூ மரம்தான்.

1769-ல் அளந்தபோது அடிமரத்தின் சுற்றளவு 50 அடிக்கு மேல். நடுத்தண்டு அப்போதே உளுத்துப் பிளந்திருந்தது. அந்தப் பிளவின் வழியாகத்தான் சவ ஊர்வலம் போகும் என்பது ஊர் வழக்கு. அடியில் பெல்டேன் பண்டிகை நெருப்பு மூட்டினார்கள். வந்தவர்கள் கிண்ணம் கடையக் கட்டை வெட்டிக்கொண்டு போனார்கள். பிறகுதான் சுற்றிலும் சுவர் எழுந்தது. இன்று மிஞ்சியிருப்பவை சில தனித் தண்டுகள். பழைய சுற்றளவு எவ்வளவு என்பதை, தரையில் அடித்த முளைகள்தான் சொல்கின்றன.

இவ்வளவுக்குப் பிறகும் மரம் ஓயவில்லை. ஆண் மரமாகவே அறியப்பட்ட அதன் ஒரு கிளையில் 2015-ல் மூன்று சிவப்புப் பழங்கள் பழுத்தன!

ஆனால், கைகளும் ஓயவில்லை. தேவாலயத்தில் இருந்த, ஆயிரம் ஆண்டுகளைத் தாண்டிய கைமணி 2017-ல் களவுபோனது. சுவர் ஏறித் தாண்டி, ஞாபகத்துக்கென்று சுள்ளி ஒடிக்கிறார்கள் என்று 2019-ல் மரத்தைக் கவனிப்பவர்கள் குமுறினார்கள். மணியைத் திருடியவன் கள்வன். சுள்ளி ஒடித்தவர் சுற்றுலாப் பயணியா?

பயணிகளால்தான் ஊர் பிழைக்கிறது என்று வாதிடலாம். இதன் போத்துகளிலிருந்து எடின்பரோ தாவரவியல் பூங்காவில் கன்றுகள் வளர்க்கிறார்களே என்றும் சொல்லலாம். கன்று வளரும். இழந்த 2,000 ஆண்டுகள் வளருமா?

ஃபோர்ட்டிங்காலுக்குப் போக வாய்த்தால், சுவருக்கு இந்தப் பக்கமே நின்று கண்ணாரப் பாருங்கள். வெறுங்கையோடு திரும்புங்கள்.