கன்னத்தில் ஓர் அறை! கழுத்தில் இருந்த கயிறு கழன்றது!

மகனைக் கொன்றவன் தூக்கு மேடையில் நிற்கிறான். கண்ணைத் துணியால் கட்டியிருக்கிறார்கள். கழுத்தில் கயிறு. காலுக்குக் கீழே ஒரு நாற்காலி. அதைத் தள்ளிவிட வேண்டியவர்கள் யார் தெரியுமா? மகனைப் பறிகொடுத்த குடும்பத்தார்!

ஈரான் நாட்டில் மாசந்தரான் மாகாணத்தில் உள்ளது நூர் நகரம். 2014-ம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் ஒரு நாள் அங்கே பெருங்கூட்டம் திரண்டு நின்றது. 7 ஆண்டுகளுக்கு முன், தெருச்சண்டையில் 18 வயது வாலிபன் ஒருவன் கத்திக்குத்துப்பட்டு இறந்தான். அவனுடைய தாயார் முன்னே வந்தார். கொலையாளியின் கன்னத்தில் "பளார்" என்று ஓர் அறை கொடுத்தார். பிறகு கணவரும் அவருமாகக் கயிற்றைக் கழற்றிவிட்டார்கள்!

கொலையாளியின் தாய் ஓடிவந்து அவரைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

மூன்று வழிகள்

இஸ்லாமியச் சட்டப்படி கொலைக்கு மரண தண்டனை உண்டு. "உயிருக்கு உயிர்" என்னும் இந்த முறைக்கு "கிசாஸ்" என்று பெயர். ஆனால், இறந்தவரின் வாரிசுகள் விரும்பினால் அதை விட்டுக்கொடுக்கலாம். நஷ்டஈடு வாங்கிக்கொள்ளலாம். ஒன்றும் வாங்காமலும் மன்னிக்கலாம். நஷ்டஈட்டுக்கு "தியா" என்று பெயர். பழங்காலத்தில் அது 100 ஒட்டகங்கள்!

விட்டுக்கொடுப்பவருக்கு அது பாவப் பரிகாரம் ஆகும் என்கிறது திருக்குர்ஆனின் 5-வது அத்தியாயம்.

மூதூர்ப் பெண்

எல்லோருக்கும் மன்னிப்புக் கிடைத்துவிடுவதில்லை.

இலங்கையில் மூதூரைச் சேர்ந்த ஏழைப் பெண் ஒருத்தி 2005-ம் ஆண்டு சவூதி அரேபியாவுக்கு வீட்டு வேலைக்குப் போனாள். பிறப்புச் சான்றிதழ்படி அவளுக்கு வயது 17. பாஸ்போர்ட்டில் வயதைக் கூட்டிப் போட்டிருந்தார்கள். அவள் பால் கொடுத்தபோது 4 மாதக் குழந்தை இறந்துவிட்டது. பால் புரையேறியது என்றாள் அவள். கொலை என்றது கோர்ட்டு. 2007-ல் மரண தண்டனை விதித்தது.

இலங்கை அரசாங்கம் மன்றாடியது. குழந்தையின் குடும்பத்தாரிடம் மன்னிப்புக் கிடைக்கவில்லை. 2013-ம் ஆண்டு ஜனவரி 9-ந் தேதி அவள் தலை துண்டிக்கப்பட்டது.

போலீஸ் விசாரணையின்போதும், முதலில் வழக்கு நடந்தபோதும் அவளுக்கு வக்கீல் இல்லை!

மன்னிப்பது பெற்றவர்களின் உரிமை. அவர்கள் மறுத்தால் குறை சொல்ல முடியாது. ஆனால், குற்றம் நடந்ததா இல்லையா என்று தீர விசாரிக்க வேண்டியது கோர்ட்டு அல்லவா?