பீரோ வாங்கும்போது ‘கேஜ்’ மட்டும் கேட்டால் போதுமா?

புதுக் குடித்தனம் போகும் பிள்ளைகளுக்கு இரும்பு பீரோ வாங்கப் பட்டறைக்குப் போகிறோம். “இது 20 கேஜ், அது 22 கேஜ்” என்கிறார்கள். பெரிய எண்தான் கனமான தகடு என்று நினைத்து 22-ஐ வாங்கி வருபவர்கள் உண்டு. உண்மை நேர்மாறானது. கேஜ் எண் ஏற ஏற, தகடு மெலியும்.

இந்த எண்கள் கம்பி இழுக்கும் தொழிலில் இருந்து வந்தவை. தடித்த கம்பியைத் துளை வழியாகத் திரும்பத் திரும்ப இழுத்து மெலிதாக்குவார்கள். இழுப்பு கூடினால் எண் கூடும், கம்பி மெலியும். பிரிட்டனில் 1884-இல் சட்டப்படி நடைமுறைக்கு வந்த எஸ்.டபிள்யூ.ஜி. அட்டவணைப்படி தகட்டின் கனம் இது:

18 கேஜ் – 1.22 மி.மீ.
20 கேஜ் – 0.91 மி.மீ.
22 கேஜ் – 0.71 மி.மீ.
24 கேஜ் – 0.56 மி.மீ.
26 கேஜ் – 0.46 மி.மீ.

20-க்கும் 22-க்கும் வித்தியாசம் 0.2 மி.மீ. தானே என்று விட்டுவிடக் கூடாது. எட்டுக்கு நாலு அடி இரும்புத் தகடு 20 கேஜில் சுமார் 21 கிலோ இருக்கும். 22 கேஜில் பதினாறரை கிலோதான். ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இரும்பு குறைகிறது. விலையும் அதற்கேற்பக் குறைய வேண்டும் அல்லவா?

இன்னொரு சிக்கலும் உண்டு. அமெரிக்க அட்டவணையில் துத்தநாகம் பூசிய 24 கேஜ் தகடு 0.70 மி.மீ.; எஸ்.டபிள்யூ.ஜி.யில் அதே எண் 0.56 மி.மீ. தான். ஆகவே எண்ணை விட்டு, மில்லிமீட்டரில் பேசுவதே நல்லது.

மழைக்குக் கூரைமேல் விரிக்கும் பாலிதீன் ஷீட்டில் கணக்கு வேறு. அங்கே எண் கூடினால் கனமும் கூடும். 100 கேஜ் என்றால் சுமார் 25 மைக்ரான். 400 கேஜ் என்றால் சுமார் 100 மைக்ரான், அதாவது 0.1 மி.மீ.

முன்பணம் கொடுக்கும் முன் செய்ய வேண்டியவை:

• கதவு, பக்கவாட்டு, முதுகு, தட்டு ஒவ்வொன்றும் எத்தனை மி.மீ. என்று தனித்தனியாகக் கேளுங்கள். முதுகுத் தகடு மெலிதாக இருக்கலாம்.
• பெயிண்ட் அடிக்கும் முன், வெட்டிய ஓரத்தில் ஸ்க்ரூ கேஜ் வைத்து அளந்து காட்டச் சொல்லுங்கள்.
• கூரை ஷீட் என்றால், சொல்லும் கனம் பெயிண்ட் பூச்சையும் சேர்த்தா என்று கேளுங்கள்.
• மி.மீ. அளவைப் பில்லில் எழுதி வாங்குங்கள்.

அளவிலும் நிறுவையிலும் குறை வைக்கக் கூடாது என்று நம் மார்க்கம் கண்டித்துச் சொல்கிறது. அது விற்பவரின் கடமை. என்ன வாங்குகிறோம் என்று கேட்டுத் தெரிந்துகொள்வது நம் பொறுப்பு.