வளர்ந்தவர்க்கும் படப் புத்தகம்

"ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?" என்பது பழமொழி. பீங்கான் தொழிலுக்குப் பெயர் பெற்ற விருத்தாசலத்தில் வாழும் நமக்கு இதன் பொருள் எளிதில் விளங்கும். ஈரக் களிமண்ணை எப்படியும் வனையலாம். சூளையில் வெந்தபின் வளைக்க முயன்றால் உடைந்துவிடும். ஆனால் மனித மனம் சூளையில் வெந்த மண் அன்று. வளர்ந்த பின்னும் புதிய மொழியைக் கற்கலாம். அதற்குச் சிறுவர் கதைப் புத்தகமே நல்ல துணை என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

ஜப்பானிய மொழியை எடுத்துக்கொள்வோம். சென்னையை அடுத்த ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர்ப் பகுதிகளில் ஜப்பானிய நிறுவனங்கள் உள்ளன. ஆகவே வேலைக்காக அம்மொழியைக் கற்கும் தமிழர்கள் உண்டு. அவர்களை முதலில் மலைக்க வைப்பது எழுத்து. 'கான்ஜி' என்னும் சித்திர எழுத்துகளில் அன்றாடப் பயன்பாட்டுக்கென 2010-ஆம் ஆண்டுப் பட்டியலில் உள்ளவை மட்டும் 2,136. செய்தித்தாளை வாசிக்க இவை வேண்டும். சிறு குழந்தைகளின் படப் புத்தகங்களோ பெரும்பாலும் 'ஹிராகனா' எழுத்திலேயே அமைந்தவை. அதில் அடிப்படை எழுத்துகள் 46 மட்டுமே. மேலும், சாதாரண ஜப்பானிய எழுத்தில் சொற்களுக்கு இடையே இடைவெளி கிடையாது. குழந்தைகளின் புத்தகத்தில் இடம் விட்டு அச்சிடுவர். இதனால் ஒரு சொல் எங்கே முடிகிறது என்று தடுமாற வேண்டியதில்லை.

1963-இல் வெளிவந்த 'குரி தோ குரா' என்னும் புகழ்பெற்ற கதையில், இரண்டு வயல் எலிகள் காட்டில் பெரிய முட்டை ஒன்றைக் கண்டெடுத்து, கேக் செய்து, எல்லா விலங்குகளுக்கும் பகிர்ந்தளிக்கின்றன. படத்தில் முட்டையைப் பார்த்தவுடன் அருகிலுள்ள சொல்லின் பொருள் புலப்படுகிறது. அகராதியைப் புரட்ட வேண்டுவதில்லை.

தமிழருக்கு இன்னுமொரு வசதி உண்டு. 'ஹோன் ஓ யோமிமாஸ்' என்றால் 'புத்தகத்தை வாசிக்கிறேன்' என்று பொருள். 'ஹோன்' என்பது புத்தகம். 'ஓ' என்பது நம் 'ஐ' உருபைப் போன்றது. வினைச்சொல் நம் மொழியைப் போலவே இறுதியில் நிற்கிறது. நம் இரட்டைக்கிளவி போன்ற சொற்களும் அங்கு ஏராளம். 'பிகாபிகா' என்றால் பளபள. 'டோகிடோகி' என்றால் நெஞ்சு படபடவென அடித்தல். இத்தகைய சொற்களைப் படப் புத்தகங்களில் நிரம்பக் காணலாம்.

கதை வழியே மொழி கற்கும் இம்முறை புதியது அன்று. நம் ஊரை அடுத்த கோணான்குப்பத்தில் பெரியநாயகி மாதா ஆலயத்தை எழுப்பிய வீரமாமுனிவரை நாம் அறிவோம். 1680-இல் இத்தாலியில் பிறந்த அவர், ஏறத்தாழ முப்பது வயதில் இந்தியா வந்த பிறகே தமிழ் கற்றார். பின்னர்த் தேம்பாவணி பாடினார், சதுரகராதி தொகுத்தார். எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாட்டைத் தெளிவாக்க எழுத்தையும் திருத்தினார். பிறந்தது முதல் தமிழ் பேசுவோர் பழக்கத்தால் கடந்து சென்ற இடரைப் புதிதாகக் கற்றவரின் கண் கண்டது எனலாம் அன்றோ!

இத்தகைய பேரறிஞர், தமிழ் கற்க வரும் ஐரோப்பியருக்காக எழுதியது பரமார்த்த குருவின் கதை. ஆறு விழித்திருக்கிறதா, தூங்குகிறதா என்று அறியச் சீடன் கொள்ளிக்கட்டையை நீரில் தோய்க்கிறான். ஆற்றைக் கடந்தபின் ஒவ்வொருவரும் தம்மை விட்டுவிட்டு மற்றவர்களை எண்ணி, ஒருவர் குறைகிறார் என்று அழுகின்றனர். ஒன்று, இரண்டு, மூன்று என்று அவர்கள் எண்ண எண்ண, சிரித்துக்கொண்டே வாசிப்பவருக்குத் தமிழ் எண்ணுப் பெயர்கள் மனத்தில் பதிந்துவிடுகின்றன! 1822-இல் இந்நூல் ஆங்கில மொழிபெயர்ப்புடனும் சொற்பொருளுடனும் லண்டனில் அச்சாயிற்று. 1861-இல் ஐம்பது படங்களுடன் ஆங்கிலத்தில் வெளிவந்து படப் புத்தகமாகவும் ஆயிற்று.

இம்முறையில் கற்க விரும்புவோர் முதலில் படங்களை மட்டும் பார்த்துக் கதையை ஊகிக்க வேண்டும். அடுத்து வாய்விட்டு வாசிக்க வேண்டும். தெரியாத சொல் ஒவ்வொன்றுக்கும் நின்றுவிடாமல், மீண்டும் மீண்டும் வரும் சொல்லுக்கு மட்டும் பொருள் தேடினால் போதும். இறுதியில் புத்தகத்தை மூடிவிட்டுக் கதையைத் தாமே சொல்லிப் பார்க்க வேண்டும்.

எனினும் படப் புத்தகம் மட்டும் போதாது. கதையில் எலிகள் ஒன்றையொன்று 'வா, போ' என்பது போலப் பேசும். அலுவலகத்தில் மேலதிகாரியிடம் அவ்வாறு பேச முடியுமா? ஜப்பானியத்தில் மரியாதைப் பேச்சு தனியாகவே உண்டு. ஆகையால் இலக்கணமும் ஆசிரியரும் தேவை. வீரமாமுனிவரும் கதையோடு நில்லாமல் இலக்கணமும் அகராதியும் எழுதினார்.

இம்முறைக்குப் பெரிய தடை வெட்கமே. "குழந்தைப் புத்தகத்தை நான் வாசிப்பதா?" என்று பெரியவர்கள் கூசுகின்றனர். நம் வீடுகளிலும் கையெழுத்துக்குப் பதில் கைநாட்டு வைக்கும் பாட்டிமார்களும் அத்தைமார்களும் இருக்கலாம். தம்பி, தங்கையரின் படப் புத்தகம் வீட்டிலேயே இருக்கிறது. மாலையில் அரை மணி நேரம் அவர்கள் அருகில் அமர்ந்து, படத்தைக் காட்டி, சொல்லைக் காட்டி வாசிப்போம். அவர்கள் தடுமாறும்போது சிரிக்காதிருப்போம். கதையைக் கேட்டுச் சேர்ந்து சிரிப்போம். அருமைத் தோழியரே, கற்ற கல்விக்கு நாம் செலுத்தும் நன்றிக்கடன் இதுவே ஆகும்.