அட்டையில் நெய்யும் பட்டி



நெசவு என்றதும் பெரிய தறி வேண்டும், தனி அறை வேண்டும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். லயத்துக் காம்பிராவில் அதற்கு இடம் ஏது? ஆனால் கைப்பணி வகுப்பில் நாம் பழகிய அட்டை நெசவுக்குத் தறியே தேவையில்லை. நூலின் ஒரு முனையை வாசல் தூணில் கட்டி, மறு முனையை இடுப்பில் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் போதும்.

இது மிகப் பழைய தொழில். நோர்வேயில் 834ஆம் ஆண்டு புதைக்கப்பட்ட ஒசபெர்க் கப்பலை 1904இல் தோண்டியபோது, பாதி நெய்த பட்டியோடு 52 அட்டைகள் கிடைத்தன. பர்மாவில் ஓலைச்சுவடிகளைச் சுற்றிக் கட்டும் நாடாவில், தானம் கொடுத்தவரின் பெயரையே எழுத்தாக நெய்தார்கள்.

இரண்டரை அங்குலச் சதுர அட்டையில் மூலைக்கு ஒன்றாக நான்கு துளை போட வேண்டும். (பழைய சீட்டுக்கட்டையும் வெட்டலாம், லயத்துக் கோடியில் ஆடுகிறவர்கள் கோபிக்காவிட்டால்!) துளைக்கு ஒரு நூல். 12 அட்டை என்றால் 48 நூல். அட்டைகளை ஒன்றாகப் பிடித்துக் கால் சுற்றுத் திருப்பினால் பாவு மேலும் கீழுமாகப் பிரியும். அந்த இடைவெளியில் குறுக்கு நூலை விட்டு, அடிமட்டத்தால் தட்டி இறுக்குங்கள். மறுபடி கால் சுற்று. அவ்வளவுதான் வேலை. ஒவ்வொரு அட்டையின் நான்கு நூலும் கயிறு போல முறுக்கிக்கொள்வதால் பட்டி தடிப்பாகவும் உறுதியாகவும் வரும். அட்டைகளைக் கூட்டி அகலமாக நெய்தால் கொழுந்துக் கூடைக்குத் தலைப்பட்டியாகவும் போடலாம். கயிறு மாதிரி ஒரே இடத்தில் அறுக்காது.

திருப்பத் திருப்ப அட்டைக்குப் பின்னால் முறுக்கு சேரும். அப்போது எதிர்ப்பக்கம் அதே எண்ணிக்கைக்குத் திருப்பிக்கொண்டே நெய்யுங்கள், முறுக்கு அவிழும், பூவும் தலைகீழாக விழும். எழும்பும்போது அட்டைகளை நூலால் கட்டிவிட்டு எழும்புங்கள். கலைந்தால் பூ போச்சு. கொழுந்து பறித்துக் காய்த்த விரலில் பட்டுநூல் மாட்டும், தடித்த பருத்தி நூலே நல்லது.

மாதம் இவ்வளவு வருமானம் என்று நாம் சொல்லமாட்டோம். 1 மீற்றர் பட்டிக்கு ஒவ்வொரு நூலும் ஒன்றரை மீற்றராவது வேண்டும். 48 நூலுக்கு 72 மீற்றர், குறுக்கு நூல் வேறு. விலை சொல்லுமுன் நூல் விலையோடு இரவில் உட்கார்ந்த மணித்தியாலத்தையும் எழுதிப் பாருங்கள். "தறிக்குக் கடன் தருகிறோம், கையெழுத்துப் போடுங்கள்" என்று யாராவது வந்தால் போடவேண்டாம். இதற்குத் தறி இல்லை.

"மகளைக் கொழும்புக்கு வீட்டு வேலைக்கு அனுப்பவா, இதில் விடவா?" என்று ஒரு தாய் எம்மிடம் கேட்டார். இரண்டும் வேண்டாம், சாதாரண தரப் பரீட்சை முடியட்டும், சனி ஞாயிறில் பழகட்டும் என்றோம். அவர் ஒன்றும் பேசவில்லை. கடைக் கணக்கு நிற்கிற வீட்டில் அந்தப் பதில் எமக்கு இலகு, அவருக்கு அப்படியல்ல. ஆனாலும் அதைத்தான் சொல்வோம்.

பழக விரும்புகிறவர்கள் பிள்ளைக்காம்பிராவில் பெயர் கொடுங்கள். ஆண்களும் வரலாம். ஒரு கத்தரிக்கோலும் பழைய அட்டைப்பெட்டியும் கொண்டு வாருங்கள், நூல் வகுப்பில் கிடைக்கும்.