ஒளியும் துருவக் கடலின் மிதவை விலங்குகளும்

கோலார் தங்கவயலுக்குக் குடிநீர் அளித்து வந்தது பாலாற்றின் பேத்தமங்களா நீர்த்தேக்கம். இத்தகைய ஏரிகளில் வாழும் நுண்ணிய மிதவை விலங்குகளுள் பல, பகலில் ஆழத்திற்கு இறங்கி இரவில் மேலே வருகின்றன. அவற்றின் உணவாகிய பாசி மேல்நீரில் உண்டு. ஆயினும் வெளிச்சத்தில் மீன்களின் கண்ணுக்குத் தப்புதல் அரிது. ஆகவே இவ்வியக்கத்தை ஒளியே ஆள்கின்றது எனலாம்.

அங்ஙனமாயின், குளிர்காலத்தில் பல வாரங்கள் கதிரவன் உதிக்காத துருவக் கடலில் யாது நிகழும்? இயக்கம் நின்றுவிடும் என்றே முன்னர்க் கருதினர். இந்தியாவின் ஹிமாத்ரி நிலையம் 2008 முதல் அமைந்துள்ள ஸ்வால்பார்டு உட்பட, ஆர்க்டிக் கடலின் பல இடங்களில் ஒலியலைக் கருவிகளால் அறிஞர் ஆராய்ந்தனர். 2016இல் வெளியான முடிவின்படி, அங்கு நிலவே கதிரவனின் இடத்தை ஏற்கின்றது. நிலவின் நாளாகிய 24.8 மணிக்கு ஒருமுறை அவை ஏறி இறங்குகின்றன. முழுநிலவில் சுமார் 50 மீட்டர் ஆழத்திற்குச் செல்கின்றன.

2020இல் வெளியான ஆய்வு ஓர் எச்சரிக்கையும் தந்தது. துருவ இரவில் கப்பலின் விளக்கொளி, 200 மீட்டர் ஆழம் வரையுள்ள உயிர்களின் நடத்தையை மாற்றுகின்றது. விளக்கொளியில் எடுத்த கணக்கைக் கொண்டு மீன்வளத்தை மதிப்பிட்டால் பிழை நேரும்.

களப்பணியாளர் ஏரிநீரை எடுக்கும்போது நேரம், ஆழம், நிலவு, விளக்கு ஆகியவற்றையும் குறித்தல் வேண்டும். ஆசிரியர், கண்ணாடிச் சாடியில் ஏரிநீரை நிரப்பி, ஒரு பக்கம் மட்டும் ஒளி பாய்ச்சுக. அவ்வுயிர்கள் நகரும் திசையை மாணவரே கண்டு குறிக்கட்டும்.